பதினேழாம் எண் நாற்காலி

வானம் ஒன்றே. அதை இரண்டு கம்பெனிகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தது மனித குலத்தின் பிழை. அந்தப் பிழை இன்று திருத்தப்படுகிறது. வரலாறு இந்த நாளைப் பொன்னெழுத்துகளில் பொறித்துக்கொள்ளும்.

பொறித்தது வரலாறு அல்ல, சாமான் கட்டும் காண்ட்ராக்டர். எழுத்து என்னவோ பொன் நிறம்தான். மூன்றாம் மாடிச் சுவர்களில் இருந்த பலகைகளையெல்லாம் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டதால், ஒட்டுவதற்கு மிச்சமிருந்த ஒரே இடமான கழிப்பறைக் கதவில் அந்த வாசகத்தை ஒட்டினார்கள். ஒட்டிவிட்டுக் கதவைப் பூட்டினார்கள். உள்ளே இருந்த இரண்டு வாஷ்பேசின்களும் மூன்று பீங்கான் கோப்பைகளும் சொத்துப் பட்டியலில் ஏறிப் புது ஊருக்கு லாரியில் போய்விட்டன. "அவசரம் உள்ளவர்கள் தரைத்தளத்துக்குப் போகவும்" என்று வாசகத்துக்கு அடியில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். இணைப்பு சம்பந்தமாக வந்த அறுபத்து மூன்று அறிவிப்புகளில் உபயோகமானது அது ஒன்றுதான்.

அந்த மாடியில் இருந்தது விமானங்களை அனுப்பும் அறை. விமானத்தை ஓட்டுகிறவரை எல்லாருக்கும் தெரியும்; தொப்பி வைத்திருப்பார். அனுப்புகிறவரை யாருக்கும் தெரியாது. எந்த வழியாகப் போவது, போகிற ஊரில் மழையா பனியா, அங்கே இறங்க முடியாவிட்டால் வேறெங்கே இறங்குவது, அதற்கெல்லாம் எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது என்று கணக்குப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். கிளம்பிய பிறகு, இறங்குகிற வரைக்கும் அது இரண்டு பேர் பொறுப்பு.

அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டுமானால் அடுத்தவர் பக்கத்தில் வந்து நின்று, மேலே எத்தனை விமானம், எது எங்கே என்று கேட்டுக்கொண்டு, வாய்விட்டு "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. கட்டைவிரலைக் காட்டினால் போதாது. "வாங்கிட்டேன்" என்ற சத்தம் காதில் விழாமல் எழுந்தவர் யாரும் அந்த அறையில் இல்லை. ஒருத்தர் வீட்டில் பிரசவம் என்று போன் வந்தபோதுகூட, அடுத்தவர் வந்து அந்த வார்த்தையைச் சொல்லும்வரை உட்கார்ந்துதான் இருந்தார். குழந்தை காத்திருக்கவில்லை. அது அந்த வீட்டில் இன்னும் பேச்சாக இருக்கிறது.

நம் ஆளுக்கு அந்த அறையில் 'கூடப்பத்து' என்று பெயர். கணக்குப்படி வருகிற எண்ணெயை ஊற்றச் சொல்லிவிட்டு, "கூடப் பத்து நிமிஷத்துக்குப் போட்டு வைங்க" என்பார். வயது ஐம்பத்தொன்று. சர்வீஸ் பத்தொன்பது வருஷம். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவர் அனுப்பிய எந்த விமானமும் எண்ணெய் இல்லாமல் திண்டாடியதில்லை. அதனாலேயே அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பது கம்பெனிக்குத் தெரியாமல் போயிற்று.

இரண்டு கம்பெனியும் ஒன்றானபோது, அனுப்பும் அறைகளையும் ஒன்றாக்கி ஒரு புது ஊரில் வைப்பதென்று முடிவாயிற்று. ஊரைத் தேர்ந்தெடுத்த முறை விஞ்ஞானபூர்வமானது. இரண்டு தலைமையகங்களுக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்கள். நடுப்புள்ளி ஓர் ஏரிக்குள் விழுந்தது. ஏரிக்கரையில் கட்டடம் எழும்பியது. காலையில் பனிமூட்டம், மதியம் இடிமழை. மற்றபடி நல்ல ஊர் என்றார்கள்.

இரண்டு பக்கமும் சேர்த்து அனுப்புகிறவர்கள் ஐம்பத்து மூன்று பேர். புது ஊரில் இடம் இருபத்து நாலு. ஆகவே எல்லாரும் தங்கள் வேலைக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மனிதவளத் தலைவி ஓர் அம்மையார். கூட்டம் போட்டு விளக்கினார்.

"ஒரு விஷயத்தை நான் ரொம்பத் தெளிவாச் சொல்லிடறேன். நாங்க யாரையும் வேலையை விட்டு அனுப்பல. வேலையைத்தான் உங்ககிட்டேருந்து அனுப்பறோம். வேலை ஊர் மாறுது. அது கூடப் போறதுக்கு யார் யாருக்குப் பக்குவம் இருக்குன்னு பாக்கறோம். அவ்வளவுதான். இதை இன்டர்வியூன்னு சொல்லாதீங்க. உங்க வேலையை நீங்க மறுபடியும் சந்திக்கிற நிகழ்ச்சின்னு சொல்லுங்க."

பின்வரிசையில் 'டீச்சர்' கை தூக்கினார். டீச்சர் என்பது பட்டப்பெயர். அறையில் பாதிப் பேருக்கு அவர்தான் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

"சந்திச்சு, அதுக்கு எங்களை அடையாளம் தெரியலைன்னா?"

"நல்ல கேள்வி," என்றார் அம்மையார். நல்ல கேள்வி என்று சொன்னவற்றுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

விண்ணப்பத்தில் பதவியின் பெயரையும் மாற்றியிருந்தார்கள். 'பயண நிறைவேற்றப் பங்காளர்' என்றிருந்தது. "இந்த நிறுவனத்தில் சேர ஏன் விரும்புகிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது என்று கூடப்பத்து எழுதினார். "விருப்பம் தெளிவாக இல்லை" என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது. முன் அனுபவத்துக்குத் துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்றது. துறைத் தலைவரைப் போன மாதமே அனுப்பிவிட்டார்கள். கூடப்பத்து அவர் வீட்டுக்குப் போனார். தலைவர் லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார்.

"கடுதாசி தர்றேன். ஆனா நான் தலைவரா இருந்தேன்னு எனக்கு யாராச்சும் ஒரு கடுதாசி தரணுமாம். நீ தர்றியா?"

ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்துக்கொண்டார்கள்.

கூடப்பத்துவுக்கு இந்த வேலை போனால் வேறு வேலை கிடையாது. அந்த ஊரில் விமானம் அனுப்பும் அறை ஒன்றுதான். பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கிறதா என்று விசாரிக்கிற தொழில் இல்லை இது. அதைவிடப் பெரிய விஷயம், மகளின் காது. பதினாலு வயசு. பிறவியிலேயே காது கேளாமல், சின்ன வயதில் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்த பிள்ளை. வெளியே காதுக்குப் பின்னால் மாட்டுகிற பகுதி தேய்ந்துபோய், கொஞ்ச நாளாக அரை வார்த்தை கேட்கிறது, அரை வார்த்தை கேட்கவில்லை. புதிது மாற்ற வேண்டும். கம்பெனி மருத்துவ அட்டை இருந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். அட்டை வேலைக்காரனுக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு முன்பே நாள் கொடுத்திருந்தார்கள்: வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டரை. பழைய அறையை மூடிப் பொறுப்பைப் புது ஊருக்கு மாற்றுகிற நாளாகக் கம்பெனி குறித்ததும் அதே வெள்ளிக்கிழமைதான். மதியம் பன்னிரண்டு.

"எனக்கு வேலை கெடைச்சிட்டா அட்டை அப்படியே தொடரும்," என்றார் மனைவியிடம்.

"கெடைக்கலைன்னா?"

"பன்னண்டுக்கு முடிஞ்சிடும்."

"அவங்க பன்னண்டரைக்கு வரச் சொல்லியிருக்காங்களே."

"ஆமா."

மனைவி அடுப்பை அணைத்தார். "உங்களுக்கு அங்க ஒரு பத்து நிமிஷம்கூட யாரும் கூடப் போட்டு வைக்கல, பாத்தீங்களா."

இன்டர்வியூவுக்கு ஒத்திகை வீட்டில் நடந்தது. மகள் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, அப்பாவின் உதட்டைப் பார்த்தே பதிலைப் படித்தாள்.

"மாற்றத்தைப் பத்தி என்ன நெனைக்கறீங்க?"

"மாற்றத்தை நான் மனசார வரவேற்கிறேன்."

"அப்பா, பொய் சொல்றீங்க."

"எப்படித் தெரியுது?"

"பொய் சொல்றப்ப உங்க கீழுதடு வேலையே செய்யறதில்ல. படிக்க முடியல."

உடை விஷயத்தில் மைத்துனர் உதவினார். கூடப்பத்துவின் பேன்ட்டுகள் எல்லாம் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கம் பளபளவென்று கண்ணாடியாகியிருந்தன. மைத்துனரிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன எந்த இன்டர்வியூவிலும் அவர் தோற்றதில்லை.

"ராசியான பேன்ட் மாமா. பத்திரம். திங்கக்கெழமை எனக்கு ஒரு பிரமோஷன் இன்டர்வியூ இருக்கு, அதுக்குள்ள வந்துடணும். டீ கீ சிந்திடாதீங்க."

"சிந்த மாட்டேன்பா."

முதல் சுற்றில் தேறியது 'சரிங்க'. அவரும் பட்டப்பெயர்க்காரர்தான். எது சொன்னாலும் "சரிங்க" என்பார். இன்டர்வியூவில் முப்பத்தேழு கேள்விக்கு முப்பத்தேழு "சரிங்க" சொல்லி, "ஆழ்ந்த ஒத்துழைப்பு மனப்பான்மை" என்ற குறிப்போடு தேர்வாகி, முந்தின வாரமே புது ஊருக்குப் போய்விட்டார்.

கூடப்பத்து இரண்டாம் சுற்றுக்குப் போனார். அதை நடத்தியவர் ஆலோசகர். இதற்கு முன் இரண்டு பிஸ்கட் கம்பெனிகளை ஒன்றாக்கியவர். ஒன்றான பிறகு அந்த இரண்டும் இல்லை. ஆனால் இணைப்பு அருமையாக நடந்தது என்று பேர்.

"ஒரு சூழ்நிலை தர்றேன்," என்றார் ஆலோசகர். "நூத்தி எண்பது பயணிகள். போற ஊர்ல பனிமூட்டம். என்ன செய்வீங்க?"

"அங்க இறங்க முடியலைன்னா மாத்து ஊர் எதுங்க?"

"மாத்து ஊர் இல்ல."

"இல்லாம அனுப்ப முடியாதுங்களே."

"இது ஒரு பாசிட்டிவ் பயிற்சி சார். எங்க நிறுவனத்துல மாத்துன்னு ஒண்ணு கெடையாது. முதல் தேர்வு மட்டும்தான். இறங்க முடியலைன்னா அப்படிங்கற நெனைப்பே தோல்வி மனப்பான்மை." ஆலோசகர் ஒரு தாளைப் புரட்டினார். "உங்க பேர்ல ஒரு புள்ளிவிவரம் இருக்கு. ஒவ்வொரு ஃப்ளைட்லயும் பத்து நிமிஷ எண்ணெய் அதிகமா ஊத்தச் சொல்றீங்க. வருஷக் கணக்காப் பாத்தேன். தொண்ணூத்தொம்பது சதவீதம் அந்த எண்ணெய் உபயோகமே ஆகல. அப்படியே திரும்பி வந்திருக்கு. அதாவது நீங்க எண்ணெயை ஏத்தல சார். பயத்தை ஏத்தி அனுப்பறீங்க. டன் கணக்குல."

"மீதி ஒரு சதவீதம்?"

"அதைப் பத்தி நாங்க நெனைக்கறதில்ல. பிஸ்கட்ல ஒரு சதவீதம் உடையத்தான் செய்யும்."

வழியையும் வானிலையையும் இன்னும் காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்கிறீர்களாமே, ஏன் என்று கேட்டார் ஆலோசகர். கரண்ட் போனால் விமானம் அப்படியே நிற்காதே, பறந்துகொண்டுதானே இருக்கும் என்றார் கூடப்பத்து. "கடந்த காலத்தில் வாழ்பவர்" என்று குறிக்கப்பட்டது.

மூன்றாம் சுற்று அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே மாடியில், மாநாட்டு அறையில். கூடப்பத்து காலை ஆறு மணியிலிருந்து நாற்காலியில் இருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் முடிவு சொல்லியாயிற்று. பழைய அறையில் மிஞ்சியது அவரும் டீச்சரும் மட்டும். டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். மேலே ஆறு விமானம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார் கூடப்பத்து.

"வாங்கிட்டேன். போ. பேன்ட் ஜோரா இருக்கு."

"மச்சானோடது."

"அதான பாத்தேன்."

மாநாட்டு அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார், ஆலோசகர், ஓரத்தில் கையில் அட்டையும் பேனாவுமாக ஒரு மௌனமான மனிதர். அந்த மூன்றாமவர்தான் புது முதலாளியின் ஆள் என்று அறையில் ஒரு வாரமாகப் பேச்சு. எதுவும் கேட்காமல் தலை முதல் கால் வரை அளவெடுப்பார். அவர் குறிப்பதுதான் கடைசி முடிவு என்றார்கள். கூடப்பத்து எல்லாப் பதிலையும் அவரைப் பார்த்தே சொன்னார்.

"வேலை நேரத்துல எத்தனை தடவை சீட்டை விட்டு எழுந்திருப்பீங்க?" என்று கேட்டார் அம்மையார்.

"எனக்குச் சுகர் இருக்குங்க. ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போயாகணும்."

"உங்க உடம்போட லட்சியமும் நிறுவனத்தோட லட்சியமும் ஒரே திசையில இருக்கா?"

கூடப்பத்து யோசித்தார். "உடம்பு தரைத்தளத்துக்குப் போகணும்னு சொல்லுதுங்க. நிறுவனம் மூணு மாடி ஏறி வரச் சொல்லுது."

ஆலோசகர் எழுதிக்கொண்டார். "புது ஊருக்குக் குடும்பத்தோட வருவீங்களா?"

"வருவோம்." இது உண்மை. கீழுதடு நன்றாக அசைந்தது.

"கடைசியா ஒண்ணு. பத்தொன்பது வருஷத்துல நீங்க சாதிச்சது என்ன?"

"ஒண்ணும் நடக்கலைங்க."

"புரியல."

"அனுப்பினதெல்லாம் போய்ச் சேர்ந்துச்சு. வேற ஒண்ணும் நடக்கல."

அம்மையார் ஆலோசகரைப் பார்த்தார். அனுதாபமான பார்வை. "ரொம்ப நன்றி. நீங்க போகலாம்."

கூடப்பத்து எழுந்திருக்கவில்லை. பிடிவாதம் அல்ல, பழக்கம். நீங்க போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்; வாங்கிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. கால் கட்டளைக்குக் காத்துக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு மூன்றாமவர் எழுந்து வந்தார், அட்டையில் எதையோ குறித்தார், குனிந்து கூடப்பத்துவின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு சீட்டை ஒட்டினார்.

"எந்திரிக்கிறீங்களா சார்? இது நாலு மணி லாரிக்குப் போகணும். மேஜையும் பாக்கி இருக்கு."

அவர் சாமான் கட்டுகிற காண்ட்ராக்டர். ஒரு வாரமாக முப்பது பேர் அவருக்குத்தான் தங்கள் வாழ்க்கை லட்சியத்தைச் சொல்லியிருந்தார்கள்.

"விடைபெறும் திறன்: குறைவு" என்று ஆலோசகர் குறித்துக்கொண்டார்.

கூடப்பத்து தரைத்தளத்துக்குப் போய்விட்டு மாடியேறி வந்து, பத்து ஐம்பதுக்கு "வாங்கிட்டேன்" சொல்லி உட்கார்ந்தார். அவர் நாற்காலியிலும் சீட்டு ஒட்டியாகிவிட்டது. பதினேழு. குப்பைத்தொட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. பதினொன்றுக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள்.

"நான் வந்து உன்னை விடுவிக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. பதினொன்று இருபதுக்கு மாநாட்டு அறையிலேயே டீச்சருக்கு முடிவைச் சொல்லி, தகவல் பாதுகாப்பு கருதி மேஜைப் பக்கம் போகவிடாமல், கைப்பையை மட்டும் வரவழைத்துக் கொடுத்து, அப்படியே லிஃப்டில் இறக்கிவிட்டார்கள். லிஃப்ட் கதவு மூடும்போது டீச்சர் காரிடாரின் கடைசிக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். "டேய், நீ தனியா இருக்கே!"

பதினொன்று நாற்பது விமானத்துக்குக் கூடப்பத்து தனியாகத்தான் கையெழுத்துப் போட்டார். புது ஊருக்குப் போகிற விமானம். மனிதவள அம்மையாரும் ஆலோசகரும் அதில்தான் போனார்கள். புது ஊரில் மதியம் இடிமழை வரலாம் என்று வானிலைத் தாளில் இருந்தது. கூடப் பத்து நிமிஷத்துக்கு எண்ணெய் போடச் சொன்னார்.

பன்னிரண்டு அடித்தபோது இரண்டு காரியங்கள் நடந்தன. போனில் செய்தி வந்தது: "உங்கள் வேலை உங்களை இம்முறை தேர்ந்தெடுக்கவில்லை. பணிக்காலமும் சலுகைகளும் 12.00 மணியுடன் நிறைவடைகின்றன. வானம் எல்லாருக்கும் பொது." எதிரில் இருந்த நாலு திரைகளும் அணைந்தன. கடவுச்சொல் காலாவதி.

மேலே மூன்று விமானங்கள் இருந்தன. அவர் கையெழுத்தில் போனவை. சின்னது ஒன்று, ஒரு மணிக்குள் இறங்கிவிடும். அம்மையார் போனது ஒன்று. கடல் தாண்டி வந்துகொண்டிருப்பது ஒன்று. அது இறங்க மூன்று மணிக்கு மேலாகும். காகிதங்களை மேஜைமேல் பரப்பினார். ரேடியோவும் டெலிபோனும் வேறு காண்ட்ராக்ட் என்பதால் அவற்றை நிறுத்த யாருக்கும் ஞாபகமில்லை. புது ஊர் அறைக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு பத்துக்குச் செக்யூரிட்டி அம்மா வந்தார். நீல உடுப்பு, கையில் பதிவேடு.

"அண்ணா, நீங்க உள்ள இருக்கக் கூடாதாம். லிஸ்ட்ல பேர் இல்ல."

"மூணு மேல இருக்குமா."

"மொட்டை மாடியிலயா? சாவி என்கிட்டதானே இருக்கு?"

கூடப்பத்து விளக்கினார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார், பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

"அப்ப இவங்களை இப்ப யார் பாத்துக்கறா?"

"அதைத்தான் போன் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன்."

"உங்களைத் தனியா விடக் கூடாதுன்னு உத்தரவு. நானும் இங்கயே உக்கார்றேன்." இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்ணா. கதவைத் தாண்டி வெளிய போனீங்கன்னா மறுபடி உள்ள விட முடியாது. உங்க கார்டு செத்துப்போச்சு. விட்டா என் வேலை போயிடும்."

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. முதலில் மனைவி முகம்.

"என்னங்க, அட்டை செல்லாதுன்னு சொல்றாங்க. பழைய மெஷினைக் கழட்டி வாங்கி வெச்சுட்டாங்க. என்ன செய்யட்டும்?"

"கொஞ்சம் இரு. ஒண்ணு இறங்குது."

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

மகள் போனை வாங்கிக்கொண்டாள். காதில் ஒன்றும் இல்லாமல் கண்ணை இடுக்கி அப்பாவின் வாயைப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா," என்றார் கூடப்பத்து. "வேலை கெடைச்சிடுச்சு. அட்டை ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு."

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, படிக்க முடியல," என்றாள்.

ரேடியோ கூப்பிட்டது. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சின்ன விமானம் இறங்கியது. ஒன்று இருபதுக்கு அம்மையாரின் விமானத்தை ஓட்டுகிறவர் குரல் வந்தது.

"கூடப்பத்து, நீங்கதானா? புது ஊர்ல யாரும் எடுக்கவே மாட்டேங்கறாங்க. ஓடுபாதை மேல இடிமழை. கணக்குப்படி நான் இப்பவே மாத்து ஊருக்குத் திரும்பியாகணும்."

வானிலை ஆபீசுக்குப் போன் போட்டார். மழை நகர்கிறது, எட்டு நிமிஷத்தில் விலகும் என்றார்கள். "சுத்திட்டு இருங்க. கூடப் பத்து இருக்கு," என்றார். எட்டு நிமிஷம் கழித்து விமானம் இறங்கியது. கூடப்பத்து ஒரு காலை மடக்கி இன்னொரு காலின் மேல் போட்டார். பிறகு மாற்றிப் போட்டார்.

"என்னண்ணா, நெளியறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சுகர்."

செக்யூரிட்டி அம்மாவுக்குப் புரிந்தது. அவர் கதவைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்கண்ணா," என்றார்.

"கடைசியா ஒண்ணுதான். மூணு மணிக்கு வந்துடும்."

ஒன்றே முக்காலுக்குப் புது ஊரில் ஒருவழியாகப் போனை எடுத்தார்கள். எடுத்தவர் சரிங்க.

"எங்கடா எல்லாரும்?"

"வரவேற்பு நிகழ்ச்சிண்ணே. கண்ணைக் கட்டிக்கிட்டு பின்பக்கமா விழணும், மத்தவங்க பிடிக்கணும். நம்பிக்கைப் பயிற்சி. பன்னண்டுலேருந்து விழுந்துட்டு இருக்கோம். ரெண்டு பேருக்கு இடுப்பு போச்சு."

"மேல ஒண்ணு இருக்கு. வாங்கிக்கோ."

"எனக்கு இன்னும் பாஸ்வேர்டு வரலண்ணே."

"காகிதத்துல வாங்கிக்கோ. சொல்றேன், எழுது."

"காகிதம் இங்க தடை."

"வாயாலயாவது சொல்லுடா. வாங்கிட்டேன்னு சொல்லு, நான் எந்திரிக்கணும்."

சரிங்க எதற்கும் முடியாது என்று சொன்னவர் அல்ல. அதே சமயம் கூடப்பத்துவிடம் தொழில் கற்றவர். பார்க்காத விமானத்தை வாங்கிட்டேன் என்று சொல்ல அவருக்கும் நாக்கு எழவில்லை.

"சரிங்கண்ணே," என்றார். போன் வைத்தாகிவிட்டது.

பன்னிரண்டுக்குப் பிறகு கிளம்ப வேண்டிய பதினாலு விமானங்கள் கையெழுத்துப் போட ஆளில்லாமல் அங்கங்கே நின்றன. அதைக் கம்பெனி 'இணைப்பின் அமைதி வேளை' என்று அறிவித்தது.

இரண்டேகாலுக்குப் பிறகு கூடப்பத்து கால்களை மாற்றிப் போடுவதை நிறுத்திவிட்டார். அசையாமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டரைக்குச் சரிங்க மறுபடி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அண்ணே, மேடமும் ஆலோசகரும் வந்துட்டாங்க. எட்டு நிமிஷம் லேட்டாம். ஏன் லேட்டுன்னு ஆலோசகர் கண்டுபிடிச்சிட்டாரு. எண்ணெய் கூட இருந்ததாலதான் விமானம் சுத்திச்சாம். உங்க மேல ரிப்போர்ட் எழுதறாங்க."

"எண்ணெய் இல்லாம இருந்திருந்தா?"

"அப்பவே இறங்கியிருக்குமாம்."

கூடப்பத்து கொஞ்சம் யோசித்தார். "இறங்கியிருக்கும்," என்றார்.

மூன்று பத்துக்குக் கடல் தாண்டி வந்த விமானம் தரை தொட்டது. காகிதத்தில் நேரத்தைக் குறித்து, கீழே "ஒப்படைக்க ஆளில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.

செக்யூரிட்டி அம்மா மூன்று மணி நேரமாக அந்த வார்த்தைக்காக அவர் போனில் மன்றாடியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"அண்ணா, நான் வேணா சொல்லட்டுமா?"

"உனக்கு லைசென்ஸ் இல்லையேம்மா."

"மேலதான் ஒண்ணும் இல்லையே."

அது சரிதான் என்று அவருக்குப் பட்டது. "மேல எத்தனைன்னு நீ கேக்கணும்."

"மேல எத்தனைண்ணா?"

"ஒண்ணுமில்ல."

"வாங்கிட்டேன்," என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கூடப்பத்து எழுந்தார். நாற்காலி நனைந்திருந்தது. அது நாலு மணி லாரிக்குப் போக வேண்டிய பதினேழாம் எண். பேன்ட் மைத்துனருடையது.